லிடியா போட்ட பேட்டிங் ஆர்டர்

"டோக்கன் நம்பர் பாத்து சோறு போடு, டோக்கன் நம்பர் பாத்து பஸ்ல சீட்டு குடு, யாரு வேணாங்கறா? டோக்கன் நம்பர் பாத்து பேட்டிங் அனுப்புவாங்களா? ஒலகத்துல எங்கனா நடக்குமா இது?"

திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் லிடியா போட்ட சத்தத்தில், சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி ஜோதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மெதுவா பேசுக்கா. உன் வூட்டுக்காரரு அந்தக் கடைசி டேபிள்லதான் துன்னுகினு கீறாரு."

"கேக்கட்டும். அவரு காதுல விழணும்னுதான் கத்தறேன்."

விழுந்தது. யேசுராஜ் மோர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

லிடியாவைத் தெரியாதவர்கள் அந்தக் கம்பெனியில் கிடையாது. ஒரகடத்தில் கார் சீட் தைத்து அனுப்புகிற இடம் அது. வாசல் பலகையில் நீளமாக ஒரு பேர் எழுதியிருக்கும், அதை யாரும் சொல்வதில்லை. சுத்துப்பட்டில் எல்லாருக்கும் அது சீட் கம்பெனி. எதிரே இருப்பது பிரேக் கம்பெனி, அதற்கு அந்தப் பக்கம் கண்ணாடி கம்பெனி. சீட் கம்பெனியில் லைன் முடிகிற இடத்தில் இருக்கிற கடைசி மேஜை லிடியாவுடையது. பதினாலு வருஷமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். கையுறை போட்ட உள்ளங்கையைத் தையல் மேல் ஒரு ஓட்டு ஓட்டினால் போதும், நூல் எங்கே தளர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சொன்னால் சொன்னதுதான். மேனேஜரே வந்து நின்று கெஞ்சினாலும் குறையிருக்கிற சீட்டுக்கு அவள் முத்திரை விழாது.

அந்தக் கறார் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கும் வந்துவிடும். அதுதான் வம்பே.

இத்தனைக்கும் லிடியா ஒரு நாளும் மட்டையைத் தொட்டதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் கிரிக்கெட் டீம் ஆரம்பித்தபோது, டிபார்ட்மெண்டுக்கு அஞ்சு பேர் வந்து கைதட்டியே ஆகணும் என்று எச்.ஆரில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழாய்ப் போச்சே என்று திட்டிக்கொண்டே போனாள். மெயின்டனன்ஸில் வேலை பார்க்கிற ஒல்லியான ஆள் ஒருத்தர் ஓப்பனிங் இறங்கினார். முதல் பந்தே தரையோடு சீறிக்கொண்டு போய் எல்லைக்கோட்டைத் தாண்டியது. லிடியா நாற்காலி மேல் ஏறி நின்று போட்ட கூச்சலில் அந்த ஆளே திரும்பிப் பார்த்தார். அடுத்த வருஷம் அதே ஆளோடு கோயிலில் கல்யாணம். ஆக, யேசுராஜ் ஓப்பனிங் இறங்கினதைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டாள். அதே லிடியாதான் இன்றைக்கு அவரை ஓப்பனிங்கிலிருந்து தூக்கு என்று கேன்டீனில் நின்று கத்துகிறாள். மனுஷன் மோரைக் குடிப்பாரா?

விஷயம் இதுதான். டீம் ஆரம்பித்த வருஷமே யார் முதலில் இறங்குவது என்று ரெண்டு பேருக்குள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை வந்தது. யாரோ ஒரு புண்ணியவான், "டோக்கன் நம்பர்படி போங்கப்பா" என்றான். வேலையில் சேர்ந்த வரிசைதான் டோக்கன் நம்பர். லீவு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, தீபாவளி ஸ்வீட் பெட்டி எல்லாம் அந்த வரிசைப்படிதான். சண்டை அன்றோடு தீர்ந்தது, வரிசை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. டோக்கன் இருபத்து மூணு யேசுராஜும் முப்பத்தொண்ணு ஸ்டோர்ஸ் ராஜசேகரும் பதினோரு வருஷமாக ஓப்பனிங். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எழிலரசன் கான்ட்ராக்ட் ஆள். அவனுக்கு டோக்கனே கிடையாது. அதனால் ஒன்பதாவது ஆளாகத்தான் இறங்குவான்.

அந்த எழிலரசன்தான் முந்தின நாள் அரையிறுதியில் மானத்தைக் காப்பாற்றினான். மூணு பந்து மிச்சம் இருக்கும்போது உள்ளே போய் ரெண்டு சிக்ஸ் அடித்து ஜெயிக்க வைத்துவிட்டான். எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். லிடியாவுக்கு மட்டும் பத்திக்கொண்டு வந்தது. முதலிலேயே அவனை அனுப்பியிருந்தால் எட்டாவது ஓவரிலேயே முடிந்திருக்குமே! ஃபைனலில் எதிரே நிற்கப் போவது பிரேக் கம்பெனி. மூணு வருஷமாக அவர்களிடம் தோற்றுக்கொண்டே இருக்கிற ஜென்மங்கள், இந்த வருஷமும் அதே வரிசையில் இறங்கினால் விளங்குமா?

செவ்வாய்க்கிழமை காலை கேப்டன் டெனிசன் அவள் மேஜைக்கு வந்து நின்றான். வெல்டிங் சூப்பர்வைசர், முப்பத்திரண்டு வயசு, நல்ல பையன், யார் மனசும் நோகக்கூடாது என்று நினைக்கிறவன். கேப்டனுக்கு ஆகவே ஆகாத குணம் அது.

"அக்கா, நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா அண்ணன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது? டீமையே அவருதான் ஆரம்பிச்சாரு. அவரே வந்து, நான் கீழ எறங்கறேன்னு சொன்னா அடுத்த நிமிஷம் மாத்திடறேன்."

"அவரு சொல்லுவாரு" என்றாள் லிடியா.

"சொல்லுவாராக்கா?"

"ஏன் இழுக்கற? சொல்ல வைக்கறேன், போ."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டில் நிலைமை வேறு. திங்கட்கிழமை மதியத்திலிருந்து யேசுராஜ் அவளிடம் பேசவில்லை. எட்டு வயசு மகள் ஷாலின் வழியாகத்தான் எல்லாம். "ஷாலின், உங்கம்மாகிட்ட உப்பு கேளு." "ஷாலின், உங்கப்பாவுக்குக் கை இல்லையான்னு கேளு." குழந்தை ரெண்டு பக்கமும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், "நீங்களே பேசிக்கோங்க, எனக்கு ஹோம்வொர்க் கீது" என்று எழுந்து போய்விட்டது.

லிடியா உள்ளே போய் நாலு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வேலையில் குறை எண்ணுகிற அதே செக் ஷீட். நாலு கோடு, அஞ்சாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. கம்பெனியில் நூல் பிரிஞ்சது எத்தனை, கறை எத்தனை என்று போடுகிற மாதிரியே, எட்டு மேட்சிலும் ஒவ்வொரு ஆளும் ஆடின பந்தையெல்லாம் கட்டம் கட்டிப் போட்டிருந்தாள். புருஷன் பேரையும் விடவில்லை.

யேசுராஜ் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். கணக்கோடு வருகிற எதையும் அவரால் தள்ளிவிட முடியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அறுபத்தோரு பந்து ஆடிகீறேன்" என்றார் ஒருவழியாக. "முப்பத்தெட்டு சும்மா போய்கீது."

"ஆமா."

"எழிலு மொத்தமே பத்தொம்பது பந்து. அதுல ஆறு சிக்ஸு."

"ஆமாய்யா. நான் எழுதினதுதான அது."

அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். முகத்தைப் பார்க்க லிடியாவுக்கே ஒரு மாதிரி இருந்தது. நாற்பத்தொரு வயசு ஆள், பத்து வருஷமாக ஒரு குரல் உயர்த்தாத மனுஷன்.

"கணக்கு சரி லிடி. ஆனா பதினோரு வருஷமா மொத பந்து நான்தான். வெளிய உக்காந்துகினு என் முறை எப்ப வரும்னு பாக்கத் தெரியாது எனக்கு."

"நான் உன்னை வெளிய உக்காரச் சொல்லலையே! ஏழாவதா போ. கடைசி ஓவரு உன்னுது. புதுப் பந்துல உனக்குக் கை வரல, சரி. ஆனா பந்து தேஞ்சப்புறம் நீ அடிக்கற அடி எனக்குத் தெரியாதா? கப்பு உன் மட்டையில வருதா இல்லையா பாரு."

இதுதான் அவள் மனசில் கிடந்த ஆசை. யாரிடமும், ஜோதியிடம் கூட, சொல்லவில்லை. எழிலரசன் முன்னால் போய் அடித்து வைக்கட்டும், கடைசியில் ஜெயிக்கிற அடி அவள் புருஷனுடையதாக இருக்கணும். எல்லாரும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுத்தணும், அதை அவள் பார்க்கணும். புருஷனைக் கீழே இறக்குகிறாள் என்று ஊரே பேசியது. அவள் போட்ட வரிசையில் அவருக்குத்தான் நல்ல இடம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

யேசுராஜ் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம், "சரி, டெனிசன்கிட்ட சொல்றேன். ஆனா ஒண்ணு. உன் ஆர்டர்ல போயி தோத்தோம்னா நீ கிரவுண்டுல வாயத் தொறக்கவே கூடாது" என்றார். உடனே தலையை ஆட்டினார். "சீ, அது உன்னால முடியாது. கிரவுண்டுக்கே வரக்கூடாது. இந்த வருஷம் இல்ல, இனிமே எந்த வருஷமும்."

ஆறு நாள் கையுறை மாட்டிக்கொண்டு குறை தேடுகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்த வெயிலும் தூசியும் கூச்சலும்தான் மிச்சமிருக்கிற ஒரே சந்தோஷம். அதைத் தூக்கிப் பந்தயம் வைக்கச் சொல்கிறார் மனுஷன்.

"சரி" என்றாள்.

புதன்கிழமை காலை யேசுராஜ் டெனிசனிடம் சொல்ல, பத்து மணி டீக்குள் விஷயம் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. பந்தயமும் சேர்ந்தேதான் பரவியது. அன்றிலிருந்து லிடியாவுக்கு செலக்டரக்கா என்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிப் பூசையில் சாமியார் உலக சமாதானத்துக்காக மன்றாடச் சொன்னார். லிடியா எழிலரசனின் இடது முழங்காலுக்காக மன்றாடினாள். வெள்ளிக்கிழமை லோடு இறக்கும்போது இடித்துக்கொண்டானாம்.

வடக்குப்பட்டு போகிற ரோட்டோரம், இன்னும் கம்பெனி வராத காலி மனைதான் மைதானம். ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், எதிர்ப்பக்கம் ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாமல் நிற்கிற கன்டெய்னர் லாரிகள். ரெண்டு கம்பெனி ஜனமும் கூடி முந்நூறு பேருக்கு மேல் இருக்கும். டென்னிஸ் பந்து, பன்னிரண்டு ஓவர். பிரேக் கம்பெனி முதலில் ஆடித் தொண்ணூத்தேழு எடுத்தது. சீட் கம்பெனி ஜெயிக்கத் தொண்ணூத்தெட்டு வேணும்.

எழிலரசனும் ராஜசேகரும் இறங்கினார்கள். யேசுராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலில் பேடைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழாவது ஆளுக்கு இப்போதே பேடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை. லிடியா கயிற்றை ஒட்டி ஜோதியோடு நின்றாள்.

முதல் ஓவரில் எழிலரசன் ஆறு பந்தையும் ஆடினான். ஆறிலும் காற்றைத்தான் அடித்தான். ஒரு ரன் கூட இல்லை.

"செலக்டரக்கா! இன்னாக்கா இது?" பின்னாலிருந்து எவனோ கத்தினான். சிரிப்பு அள்ளியது. லிடியாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "வாய மூடுடா! ஆட்டமே இப்பதான் ஆரம்பிச்சிகீது!" என்று திருப்பிக் கத்தினாள்.

மூணாவது ஓவரில் மட்டையில் பட்டது பாருங்கள் ஒரு பந்து! லாரி மேல் போய் டமால் என்று விழுந்தது. அடுத்ததும் லாரிதான். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் கதவைத் திறந்து கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தவர், ஸ்கோரைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். ராஜசேகர் போனார், டெனிசன் வந்தான், அவனும் போனான். ஒரு பக்கம் ஆள் மாறிக்கொண்டே இருக்க, இந்தப் பக்கம் எழிலரசன் மட்டும் முழங்காலில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வெளுத்துக்கொண்டிருந்தான். லிடியாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. "அப்படிப் போடு! அப்படிப் போடு என் ராசா!" என்று அவள் குதித்த குதியில் ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது.

கடைசி ஓவருக்குப் பதினொண்ணு வேணும்.

முதல் பந்து நாலு. ரெண்டாவது ஒண்ணுமில்லை. மூணாவது பந்தில் இல்லாத ரன்னுக்கு எதிர்முனையிலிருந்து, ஆறாவதாக இறங்கியிருந்த இனியவன் ஓடி வந்தான். எழிலரசன் போ போ என்று கையை ஆட்டினான். திரும்புவதற்குள் ஸ்டம்பு பறந்தது. அஞ்சு பேர் அவுட். மூணு பந்து, ஏழு ரன்.

யேசுராஜ் எழுந்தார்.

அப்படியே, அவள் நாலு தாளில் போட்ட மாதிரியே! ஏழாவது ஆள், கடைசி ஓவர், தேஞ்ச பந்து. "போய்யா! போய் முடிச்சிட்டு வா!" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இனியவன் அவுட்டான முனையில், பவுலர் பக்கத்தில் போய் நின்றார். பந்தை ஆடப் போகிறது எழிலரசன்.

"ஒண்ணு எடுத்து அவருக்குக் குடுடா எழிலு. ஒண்ணு போதும்" என்று லிடியா வாய்க்குள்ளேயே சொன்னாள். ஜோதியின் கையை நசுக்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பந்து வந்தது. எழிலரசன் அடித்தான். நேராகப் பவுலருக்குப் பின்னால், கயிற்றோரம் நின்ற ஆளிடம் போனது. ஒரு ரன் ஓடினார்கள். யேசுராஜ் கீப்பர் பக்கம் வந்து மட்டையை வைத்துவிட்டார். அவ்வளவுதான்! இனிமேல் ரெண்டு பந்து, ஆறு ரன், மட்டை யேசுராஜ் கையில். லிடியா ரெண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

"ரெண்டு! வா எழிலு, வா!"

கத்தினது யேசுராஜ். திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டார்.

"ஓடாத! யோவ், நில்லு அங்கயே! ரன்னு இல்லய்யா!" லிடியா அலறினாள். ரன் இல்லைதான், குருடனுக்குக் கூடத் தெரியும். பந்து அந்த ஆள் கைக்கு வந்தாயிற்று. எழிலரசன் ஒரு நொடி திகைத்து, தலையைக் குனிந்துகொண்டு கீப்பர் பக்கம் ஓடினான். யேசுராஜ் எதிர்ப்பக்கம், பந்து வருகிற பக்கமாகவே ஓடினார். ரெண்டு பேரும் நடுவில் ஒருத்தரையொருத்தர் தாண்டினதுதான் தாமதம், பவுலர் ஸ்டம்பைத் தட்டிவிட்டான். யேசுராஜ் அவுட். ஒரு பந்து கூட ஆடவில்லை. அடுத்த பந்தும் எழிலரசனுக்கே போய்விட்டது.

சீட் கம்பெனி பக்கம் ஒரே கூச்சல். "இன்னாய்யா அவசரம் அந்தாளுக்கு?" "வயசான காலத்துல இவரையெல்லாம்..." லிடியா திரும்பி யாரையாவது அறையலாமா என்று பார்த்தாள். முடியவில்லை, கண்ணில் தண்ணி கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை.

அஞ்சாவது பந்து. எழிலரசன் மட்டையை வீசினான், படவில்லை. முந்நூறு பேரும் மூச்சை இழுத்தார்கள். ஒரு பந்து, ஆறு ரன். முடிஞ்சது என்று நினைத்தாள் லிடியா. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து துணி மடிக்க வேண்டியதுதான்.

கடைசிப் பந்தை எழிலரசன் முழங்காலை மடக்கி அடித்தான். அது லாரியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? கயிறு அறுந்தது, நாற்காலி உடைந்தது, லாரி டிரைவர் ஹாரனை அழுத்தின கையை எடுக்கவே இல்லை. டோக்கன் இருக்கிறவன், இல்லாதவன் எல்லாம் ஒரே குவியலாக எழிலரசன் மேல் விழுந்தார்கள். "ஜெயிச்சிட்டக்கா! உன் ஆர்டரு ஜெயிச்சிட்ச்சி!" என்று ஜோதி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். லிடியா அவளை விலக்கிவிட்டு, ஒற்றைச் செருப்போடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

யேசுராஜ் ஓரமாக உட்கார்ந்து பேடைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை.

"எதுக்குய்யா ஓடின?" என்றாள். "அங்க ரன்னே இல்ல. எனக்கே தெரிஞ்சிச்சி. உனக்குத் தெரியலையா?"

"தெரியும்டி."

"அப்புறம்? மட்டை உன் கையில வந்திச்சே! ரெண்டு பந்து! உனக்காகத்தானய்யா அந்த எடத்தையே வச்சேன் நான்!"

யேசுராஜ் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்புத்தான் கிடந்தது.

"ரெண்டு பந்துல ஆறு ரன்னு. அந்த எடத்துல நீயா இருந்தா யாரை நிறுத்துவ? பொண்டாட்டியா சொல்லாத. உன் மேஜையில நின்னுகினு சொல்ற மாதிரி சொல்லு."

லிடியா வாயைத் திறந்தாள். உன்னைத்தான் என்று சொல்ல எத்தனை ஆசை அவளுக்கு! பதினாலு வருஷத்தில் ஒரு சீட்டுக்குப் பொய்யாய் முத்திரை போட்டதில்லை.

"எழிலை" என்றாள்.

"நானும் அவனைத்தான் நிறுத்தினேன்."

அவ்வளவுதான், லிடியா உடைந்துபோனாள். ஊர் பார்க்கிறது, கம்பெனி பார்க்கிறது என்றெல்லாம் இல்லை. வேர்வையும் தூசியுமாக இருந்த அவர் பனியனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். யேசுராஜுக்கு வெட்கமாகிவிட்டது. "ஏய், விடுடி, அல்லாரும் பாக்கறாங்க" என்றார். அவள் விடவில்லை.